முகிலை நம்பிக் குடத்து நீரைக் கவிழ்க்கலாமா?

முன்னாளில் நம் வீடுகளில் அலுமாரியின் மேற்றட்டிலே, பழஞ்சேலைத் துணியிற் சுற்றி, ஓர் அல்பம் வைக்கப்பட்டிருக்கும். கலியாணப் படங்கள், பிள்ளைகளின் முதற் பிறந்தநாட் படங்கள், காலஞ்சென்ற பாட்டனாரின் அடையாள அட்டைப் படத்தை ஸ்ரூடியோவிற் கொடுத்துப் பெருப்பித்த படம் ஆகிய யாவும் அதில் அடக்கம். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களிற் காணி உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் அந்த அல்பத்தையும் பையிலே திணித்துக்கொண்டு போன குடும்பங்கள் பல. தூக்க முடியாமற் கைவிட்டுச் சென்று, பெற்றோரின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட இன்று ஒரு படந்தானும் இல்லாதிருக்கும் குடும்பங்களும் பல.

இக்காலக் குடும்பம் ஒன்றிடம், "உங்கள் படங்கள் எங்கே இருக்கின்றன?" என்று வினவினால், பெரியவர்கள் கைத்தொலைபேசியைக் காட்டுவர். பிள்ளைகளோ, "அதெல்லாம் கிளவுட்டிலே கிடக்குது" என்று தலை நிமிராமலே விடை கூறுவர். கிளவுட் என்றால் முகில். வீட்டுப் படங்களும், மாணவரின் ஆய்வுக் கட்டுரைகளும், கடைக் கணக்குகளும், காணி உறுதியின் நிழற்பிரதியும் முகிலில் இருக்கின்றனவாம். இந்த விடையில் எத்துணை உண்மை உண்டு, எத்துணை ஆபத்து உண்டு என்பதையே இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து ஆராய விழைகிறோம்.

முகில் என்பது யாது?

இப்பெயரைச் சூட்டியவர்கள் புலவர்கள் அல்லர், பொறியியலாளர்கள். வலையமைப்பு ஒன்றை வரைபடத்திற் காட்டும்போது, உள்ளே நடப்பதை விரித்துக் கூறத் தேவையில்லாத பகுதியை ஒரு முகிலாக வரைந்துவிடுவது அவர்களது வழக்கம். அவ்வழக்கிலிருந்து பிறந்த பெயரே இது. பெயர் அழகியது, ஆனால் மக்களை மயக்குவது. முகில் வானத்தில் இல்லை, நிலத்திலேதான் இருக்கிறது. யன்னல் குறைந்த பெருங்கட்டடம் ஒன்றினுள், வரிசை வரிசையாக நிற்கும் இரும்புச் சட்டங்களில், பல்லாயிரம் வன்தட்டுகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டிகளும், மின்சாரம் தடைப்பட்டால் உதவ மின்கலங்களும் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி அனுப்பும் படம் அங்கே போய்ச் சேர்வதும் வான்வழியாக அன்று. கைத்தொலைபேசிக் கோபுரம் வரையிலேதான் அது காற்றில் மிதக்கிறது. அதற்கப்பால், பிற நாட்டிலுள்ள கட்டடத்துக்கு அது கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழை வடத்தினூடாகவே செல்கிறது.

வன்தட்டு என்னும் கருவி பிறந்தது 1956ஆம் ஆண்டில். ஐ.பி.எம். கொம்பனியார் அவ்வாண்டு வெளியிட்ட ராமாக் என்னும் யந்திரத்தில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சிற் கோத்துச் சுழன்றன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து தாங்கியவை 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட அந்தப் பூதத்தினுள் இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றை வைக்கலாம். சற்றுச் சிறியதாயின் இரண்டு வைக்கலாம். இன்று சட்டைப் பையில் அடங்கும் வன்தட்டு ஆயிரம் கிகாபைற்றுகளைத் தாங்குகிறது. வளர்ச்சி வியப்புக்குரியதே. எனினும் அன்றுபோல இன்றும் எழுத்துகள் ஒரு பொருளின் மேலேதான் பதியப்படுகின்றன. அப்பொருள் எரியும், உடையும், நனையும், களவும் போகும்.

இந்த இடத்தை நமக்கு வாடகைக்கு விடும் நிறுவனங்கள் சிறிதளவை இலவசமாகத் தருகின்றன. கூகிள் 15 கிகாபைற்று. மைக்ரோசொப்ற்றும் அப்பிளும் 5 கிகாபைற்று. ட்ரொப்பொக்ஸ் 2 கிகாபைற்று. ஒரு படம் 4 மெகாபைற்று எனக் கொண்டால், கூகிளின் 15 கிகாபைற்றில் ஏறத்தாழ 3,750 படங்கள் அடங்கும் என்று மாணவர்கள் கணக்கிட்டுக்கொள்வார்கள். அதிலும் மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் ஏனைய கோப்புகளுக்கும் சேர்த்தே அந்த இடம். அது நிரம்பிவிட்டால் கடிதம் வருவதும் நின்றுபோகும். படங்களை ஓரளவு சுருக்கி எல்லையின்றி இலவசமாக வைத்திருந்த கூகிள் நிறுவனம், 2021ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதியுடன் அச்சலுகையை நிறுத்திக்கொண்டது. வாடகை வீட்டின் நிபந்தனைகளை வீட்டுக்காரர் மாற்றுவது உலக வழக்கந்தானே.

தேஜொன் நகரத்துத் தீ

பெரிய அரசாங்கங்களும் பெரிய கொம்பனிகளும் வைத்திருக்கும் முகிலுக்கு என்ன கேடு வரும் என்று கேட்போர் உளர். அவர்களுக்காகத் தென் கொரியாவில் நடந்ததைச் சற்று விரித்துக் கூறுவோம்.

கணனித் துறையில் அந்நாடு எவருக்கும் இளைத்ததன்று. அங்கே அரசாங்க ஊழியர்களுக்கென ஜி-ட்ரைவ் என்னும் முகிற் சேமிப்பு 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஏழரை இலட்சம் ஊழியர்களுக்கு, ஆளுக்கு 30 கிகாபைற்று வீதம் அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அலுவலகக் கணனிகளில் ஆவணங்களை வைத்தால் அவை வெளியே கசியக்கூடும். ஆகவே முகிலிலே வைக்குக என்பது ஏற்பாடு. அரச ஆளணி விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சு இன்னும் ஒரு படி மேலே சென்று, தன் ஊழியர்கள் வேலை ஆவணங்கள் யாவற்றையும் அங்கே மட்டுமே வைத்தல் வேண்டும் என விதித்திருந்தது. சொற்படி நடந்த ஊழியர்கள் அவ்வாறே செய்தனர்.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி இரவு, தேஜொன் நகரிலுள்ள தேசிய தகவல் வள நிலையத்தின் ஐந்தாம் மாடியிலே தீப்பற்றியது. மின்தடைக் காலத்தில் உதவுவதற்கென வைக்கப்பட்டிருந்த லிதியம் மின்கலங்களை வேறிடத்துக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த வேளை அது. லிதியம் மின்கலத் தீ எளிதில் அணைவதன்று. மறுநாள் மாலையிலேதான் அது முற்றாக அடங்கியது. அறுநூறுக்கு மேற்பட்ட அரசாங்கக் கணனிச் சேவைகள் ஒரே இரவில் முடங்கின. அவற்றிற் பலவற்றுக்கு வேறிடத்திற் பிரதிகள் இருந்தமையால் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஜி-ட்ரைவ் திரும்பி வரவில்லை. அதிலிருந்த 858 டெராபைற்று ஆவணங்களுக்கு வெளியே ஒரு பிரதியுமில்லை. சேமிப்பின் அளவு மிகப் பெரியது, அதன் அமைப்பு வேறிடத்திற் பிரதி எடுப்பதற்கு இடந்தரவில்லை என்பது அரசாங்கத்தார் கூறிய விளக்கம். ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் அதனைப் பயன்படுத்தி வந்தனர். விதியை மீறித் தமது கணனியில் ஒரு பிரதி வைத்திருந்தவர்களும், மின்னஞ்சலில் எவருக்கோ அனுப்பி வைத்திருந்தவர்களும் ஓரளவு தப்பினர். கட்டளையை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தவர்களே அதிகம் இழந்தனர் என்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பு வருவதா, துக்கம் வருவதா என்று தெரியவில்லை.

858 டெராபைற்று என்றால் எவ்வளவு? முன்னே கூறிய கணக்கின்படி ஏறத்தாழ 21 கோடிப் படங்கள். ஆயினும் கடைகளில் விற்கும் 4 டெராபைற்று வன்தட்டுகள் 215 இருந்தால் அத்தனையும் அடங்கியிருக்கும். ஓர் அரசாங்கத்தின் ஆவணங்களைப் பேணுவது அவ்வளவு எளிதன்று என்பது நாம் அறியாததன்று. எனினும், "அளவு மிகப் பெரியது" என்னும் சமாதானத்தை அந்த 215 பெட்டிகளோடு ஒப்பிட்டு நோக்காமல் இருக்க முடியவில்லை.

கண்ணாடி வேறு, பெட்டகம் வேறு

நெருப்பும் வெள்ளமும் எப்போதாவது வருவன. நம் வீட்டுப் படங்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் அவையல்ல, நமது விரல்தான். அது எவ்வாறு என்பதை அறிய, ஒத்திசைவு என்னும் செயலை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆங்கிலத்தில் இதனைச் சிங்க் என்பர்.

அமெரிக்காவில் ட்ரூ ஹூஸ்ரன் என்னும் இளைஞர் ஒருமுறை பொஸ்ரனிலிருந்து நியூயோர்க்குக்குப் பஸ்ஸிற் புறப்பட்டார். வழியில் வேலை செய்ய எண்ணியவர், தமது பென் ட்ரைவை வீட்டிலேயே மறந்து வந்துவிட்டதைக் கண்டார். அந்த எரிச்சலில், எங்கே போனாலும் தன் கோப்புகள் கூடவே வரும்படி ஒரு மென்பொருளை அப்பயணத்திலேயே எழுதத் தொடங்கினாராம். 2007ஆம் ஆண்டில் அவரும் அராஷ் பெர்டோவ்சி என்பவரும் கூடித் தொடங்கிய ட்ரொப்பொக்ஸ் நிறுவனத்தின் பிறப்புக் கதை இது. கதையிலேயே அதன் இலக்கணமும் அடங்கியிருக்கிறது. ஒத்திசைவு பிறந்தது கோப்புகளைக் காப்பாற்றுவதற்காக அன்று. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கச் செய்வதற்காக.

ஒரே மாதிரி என்னும் சொல்லை வாசகர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இங்கே ஒரு கோப்பைச் சேர்த்தால் அங்கேயும் சேரும். இங்கே திருத்தினால் அங்கேயும் திருந்தும். இங்கே அழித்தால்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய் பருத்தித்துறையில், மகன் கொழும்பில், மகள் தொரன்ரோவில். மூவர் தொலைபேசிகளும் ஒரே கணக்கில் இணைக்கப்பட்டிருக்கின்றன. மகனின் தொலைபேசியில் இடம் நிரம்பிவிடுகிறது. "எல்லாம் முகிலில் இருக்கின்றனதானே" என்ற துணிவில், தன் தொலைபேசியிலிருந்த பழைய படங்களை அவன் அழித்துவிடுகிறான். இரண்டு மாதங் கழித்துத் தாயார் கேட்கிறார்: "தம்பி, கொப்பரின்ரை படங்கள் ஒண்டையும் காணேல்லையடா. எங்கை போட்டுது?" "நான் என்ரை போனிலைதானே அம்மா அழிச்சனான்" என்கிறான் மகன். அவன் கூறுவது உண்மைதான். ஆனால் யந்திரம் அவன் சொல்லைக் கேட்டுத் தன் கடமையைச் செய்தது. ஓரிடத்தில் அழிந்ததை மற்ற இடங்களிலும் அழித்து, மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. கண்ணாடியின் முன் நிற்பவர் விலகினால் கண்ணாடியில் உருவம் நிற்குமா?

அழித்தவை குப்பைத் தொட்டியிற் சில நாட்கள் கிடக்கும் என்பது உண்மையே. கூகிள் ட்ரைவில் 30 நாட்கள். தனியாட்களுக்கான ஒன்ட்ரைவிலும் ட்ரொப்பொக்ஸின் இலவசக் கணக்கிலும் அவ்வாறே. கூகிள் படத் தொகுப்பில், முகிலுக்கு ஏற்றப்பட்ட படங்களுக்கு 60 நாட்கள். அந்தத் தவணைக்குள் இழப்பைக் கண்டுபிடித்தவர் பாக்கியசாலி. ஆயின் காலஞ்சென்ற தந்தையாரின் படத்தை நாள்தோறும் எவரும் திறந்து பார்ப்பதில்லை. ஆண்டுத் திவசம் நெருங்கும்போதே தேடுகிறார்கள்.

மாணவ நேயர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று கூறலாம். இரு கணனிகளில் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வழியொன்றை அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ட்ரிஜெல், போல் மக்கெராஸ் என்னும் இருவர் 1996இல் ஆர்சிங்க் என்னும் மென்பொருளாக வெளியிட்டனர். ஒரே நூலின் பிரதிகள் இரு ஊர்களில் உள்ளன என்க. முழுவதையும் தொலைபேசியில் வாசித்து ஒப்பிடாமல், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கூட்டுத்தொகை கணித்து அத்தொகையை மட்டும் சொல்கிறோம். தொகை மாறுபடும் பக்கத்தை மட்டுமே வாசித்தனுப்புகிறோம். இதுவே அதன் சூட்சுமம். இன்றும் பல கணனிகளில் வழங்கும் இந்த மென்பொருளிடம் நாம் மெச்சும் பண்பு வேறொன்று. மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழித்துவிடு என்று தனியே கட்டளை இட்டாலன்றி, அது எதையும் அழிப்பதில்லை. பெட்டகத்தின் பண்பு அது.

குழந்தை பெற்ற தாயின் கணனி

படம் பார்க்கும் பிள்ளைகள் யாவரும் அறிந்த டோய் ஸ்டோரி இரண்டாம் பாகம், திரைக்கு வருமுன்னே அழிந்துபோகப் பார்த்த கதை பலருக்குத் தெரியாது. 1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் அப்படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. எவரோ ஒருவர், தவறான இடத்தில் நின்றுகொண்டு, இங்குள்ள யாவற்றையும் அழி என்னும் கட்டளையைக் கணனிக்கு இட்டுவிட்டார். திரையிலே பாத்திரங்களுக்குரிய கோப்புகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டவர்கள் பதறியடித்து யந்திரத்தின் மின்னிணைப்பைப் பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

நிறுவனத்திடம் நாடாக்களிற் பிரதிகள் இருந்தன. எடுத்துப் பார்த்தால் அவை பழுது! பிரதி எடுக்கும் வேலை தவறாமல் நடந்துகொண்டிருந்தது. எடுத்த பிரதி திறக்குமா என்று சோதிக்கும் வேலைதான் நடக்கவில்லை. அப்போது கலின் சுஸ்மன் என்னும் பெண்மணிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் அப்படத்தின் தொழில்நுட்பப் பிரிவில் மேற்பார்வையாளர். குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். அதற்கென அவர் வீட்டுக் கணனிக்குப் படத்தின் பிரதி அவ்வப்போது அனுப்பப்பட்டிருந்தது. உடனே காரில் விரைந்து, அந்தக் கணனியைப் போர்வைகளாற் சுற்றிப் பின்னாசனத்தில் வைத்துக் கட்டி, குலுங்காமற் கொண்டுவந்து சேர்த்தார்கள். கோப்புகளிற் பெரும்பாலானவை மீண்டன. 1999 நவம்பரிற் படம் திரைக்கு வந்தது. படத்தைக் காப்பாற்றியது அலுவலகத்துக்கு வெளியே, வேறொரு கூரையின் கீழ் இருந்த ஒரு பிரதி.

கூகிள் நிறுவனத்துக்கும் இப்பாடம் 2011 பெப்ரவரியிற் கிடைத்தது. மென்பொருள் மாற்றம் ஒன்றில் நேர்ந்த பிழையால், ஜிமெயில் பயன்படுத்துவோரில் ஒரு சிறு பங்கினரின் கடிதங்கள் மறைந்தன. ஒரே கடிதத்துக்குப் பல கட்டடங்களிற் பிரதி இருந்தும், பிழை அத்தனை பிரதிகளையும் தொட்டுவிட்டது. அவர்கள் எங்கிருந்து மீட்டார்கள் தெரியுமா? காந்த நாடாக்களிலிருந்து. வலையமைப்போடு தொடுப்பில்லாமல் அலுமாரியிற் கிடந்தமையால் நாடாக்களைப் பிழை தீண்டவில்லை.

நம் நாட்டிலே

ஒற்றைப் பிரதியின் அபாயத்தை நமக்கு எவரும் வெளிநாட்டிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. ஏடுகளைச் செல்லரிக்கும், பூச்சி துளைக்கும். ஆகவே தலைமுறைக்கொரு முறை பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதாதவை மறைந்தன. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஊரூராகத் தேடிய ஏடுகளை ஒப்புநோக்கி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபோது, அந்நூல் ஏட்டுச் சுவடியின் ஆயுளிலிருந்து விடுதலை பெற்றது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறிடத்திலும் பிரதி இருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் கையெழுத்துகளும் மீளவில்லை. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படம்பிடித்து, இணையத்தில் எவரும் படிக்கும்படி வைக்கும் நூலகம் நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டு முதல் ஆற்றிவரும் பணியின் அருமையை இந்தப் பின்னணியில் வைத்தே உணரல் வேண்டும்.

முகில் விவகாரத்திலும் நாம் அடிபட்டவர்களே. 2023 ஓகஸ்ற் மாதத்தில் இலங்கை அரசாங்க முகில் எனப்படும் சேவை பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கணனியுள் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்புக்குப் பணம் கேட்கும் கொள்ளை இது. பிரதிகளும் அதே வலையமைப்பில் இருந்தமையால் அவையும் சேர்ந்து பூட்டுண்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசாங்கத்தின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான கடிதங்கள் போயின. தொடுப்பில் இருக்கும் பிரதிக்கும் தொடுப்பறுத்து வைத்த பிரதிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வீட்டில் செய்யத்தக்கது

அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான பீற்றர் குரோக் என்பவர் 2005இல் தமது நூலில் ஒரு கணக்கை வகுத்துக் கூறினார். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறிடத்தில். படங்களும் ஆவணங்களும் கணனியில் ஒன்று, வெளிவன்தட்டில் ஒன்று, முகிலில் ஒன்று என இருந்தால் இக்கணக்கு நிறைவேறிவிடும். முகிலை நாம் பழிக்கவில்லை. வீடு எரிந்தாலும் வெள்ளம் வந்தாலும் தப்பும் பிரதி அதுவே. அது மட்டும் போதும் என்பதையே மறுக்கிறோம்.

வெளிவன்தட்டு என்பது, கடைகளில் "எக்ஸ்ரேணல் ஹார்ட்" என்று கேட்டு வாங்கும் சிறு பெட்டி. அதில் முகிலிலிருந்து பிரதி எடுக்கும்போது பலர் ஏமாறும் இடமொன்று உண்டு. இக்காலத்து ஒன்ட்ரைவ் முதலியன, கணனியில் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கோப்பின் பெயரை மட்டும் காட்டிவிட்டு, உள்ளடக்கத்தை முகிலிலேயே வைத்திருக்கும். பெயரின் அருகே ஒரு சிறு முகிற்குறி காணப்படும். இணையத் தொடுப்பில்லாத வேளையில் அதனைத் திறக்க முற்பட்டால் ஒன்றுமிராது. ஆகவே பிரதி எடுக்குமுன், அக்கோப்புறையை எப்போதும் இக்கணனியில் வைத்திரு என்று பணித்து, யாவும் இறங்கி முடியும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அப்பிள் தொலைபேசியிலும் இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டை ஏற்றிருந்தால், தொலைபேசியில் இருப்பது சிறு உருவே. முழு உரு முகிலில். கூகிளில் உள்ளவற்றை ஒருங்கே இறக்குவதற்கு டேக்அவுட் என்னும் வசதி 2011 முதல் இருக்கிறது. இரவில் தொடங்கிவிட்டு உறங்கப் போகலாம். நம் ஊர் இணைய வேகத்தில் இரண்டு இரவு பிடித்தாலும் வியப்பில்லை.

வாட்ஸ்அப்பிற் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவைத்த படமே பிரதியாகும் என்று எண்ணுவோரும் உளர். வழமையான முறையில் அனுப்பும் படத்தை அது சுருக்கியே அனுப்புகிறது. தொலைபேசித் திரையிற் குறை தெரியாது. சுவரில் மாட்டுவதற்குப் பெருப்பித்தாற் தெரியும்.

ஒத்திசைவுக் கோப்புறையையே தூக்கி வெளிவன்தட்டில் வைத்துவிடலாமே என்பது சில கெட்டிக்காரரின் யோசனை. இடம் மிச்சம் என்பது அவர்கள் வாதம். இடையில் வன்தட்டின் கம்பி கழன்றுவிட்டால், கோப்புகள் யாவும் அழிக்கப்பட்டுவிட்டன என்று மென்பொருள் தவறாக எண்ணி, முகிலிலும் அழிக்கத் தொடங்கும் வாய்ப்பு உண்டென்று ட்ரொப்பொக்ஸ் நிறுவனத்தாரே எச்சரித்திருக்கிறார்கள். ஒத்திசைவு கணனியில் நடக்கட்டும். வெளிவன்தட்டுக்கு வேறு பிரதி எடுப்போம். எடுத்து முடிந்ததும், "பாதுகாப்பாக அகற்று" என்று கணனிக்குச் சொல்லிய பின்னரே கம்பியைக் கழற்றுதல் வேண்டும். எழுதி முடிந்ததுபோற் காட்டினாலும் கடைசிச் சில கோப்புகள் கணனியின் நினைவகத்திலேயே நிற்பதுண்டு. கழற்றியதை மறுபடியும் சொருகிவைக்கலாகாது. பணயக் கொள்ளையர் நுழைந்தால், சொருகியிருக்கும் வன்தட்டும் பூட்டுண்ணும்.

சுழலும் தட்டுள்ள வன்தட்டு கீழே விழுந்தால் தாங்காது. அதன் வாசிப்புத் தலை தட்டுக்கு மேலே மயிரிழையிலும் எத்தனையோ மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகையும் பென் ட்ரைவும் விழுந்தாலும் தாங்கும்; ஆனால் அவற்றில் எழுத்துகள் மின்னேற்றமாகவே பதிந்திருப்பதால், பல்லாண்டு மின்சாரம் காணாமற் கிடந்தால் ஏற்றம் கசிந்து மங்கிவிடக்கூடும். கடற்கரையூர்களில் உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் காப்பாக மூடியிறுகிய டப்பாவில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொதிகள் இரண்டைப் போட்டு வைத்தல் நலம். கலியாண வீடியோ போன்ற பெருங்கோப்பு "இடம் போதாது" என்று மறுக்கப்பட்டால் வன்தட்டைப் பழிக்க வேண்டாம். பழைய பற்32 என்னும் முறையில் அமைந்த தட்டு 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. வெறுந் தட்டாயின் எக்ஸ்பற் என்னும் முறைக்கு மாற்றிவிடலாம். மாற்றும்போது உள்ளிருப்பவை அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

பிக்சாரின் நாடாக்களை நினைவிற் கொண்டு, பிரதி எடுத்த அன்றே சில படங்களை அவ்வன்தட்டிலிருந்து திறந்து பார்க்க வேண்டும். பின்னரும் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் சென்றதும் புதியதொன்றுக்குப் பெயர்த்துவிடுதல் நன்று. ஏடு பெயர்த்தெழுதிய மரபில் வந்தவர்களுக்கு இது புது வேலையன்று.

இறுதியாக, பலரும் பேசத் தயங்கும் ஒன்று. கணக்குக்கு உரியவர் இறந்துபோனால் முகிலில் உள்ளவை யாருக்கு? கடவுச்சொல் அவரோடு போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படாதிருக்கும் தனியாள் கணக்குகளை உள்ளடக்கத்துடன் அழித்துவிடலாம் என்று கூகிள் நிறுவனம் 2023இல் விதி செய்து, அவ்வாண்டு டிசெம்பரிலிருந்து அதனை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அதே நிறுவனம், தன் கணக்குச் செயலற்றுப் போனால் யாருக்கு அறிவிக்க வேண்டும், எவற்றை அவர்களிடம் கையளிக்க வேண்டும் என்று உரியவரே முன்கூட்டிப் பதிந்துவைக்கும் வசதியையும் 2013 முதல் அளித்துவருகிறது; பத்துப் பேர் வரை குறிப்பிடலாம். அப்பிள் நிறுவனத்தார் 2021இல் இத்தகைய ஏற்பாட்டைச் செய்தனர். அதற்கு மரணச் சான்றிதழோடு, உரியவர் உயிருடன் இருக்கும்போதே உருவாக்கித் தந்த திறவு எண்ணும் வேண்டும். பெரியவர்களிடம் இதனைக் கேட்பதற்குப் பிள்ளைகள் கூச்சப்படுவது இயல்பே. ஆகையாற் பெரியவர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிற் பிள்ளைகளை அருகிலிருத்தி இந்தப் பதிவைச் செய்துவிடலாம். கால் மணி நேர வேலை. திறவு எண்ணை ஒரு தாளில் எழுதிக் காணி உறுதிகள் இருக்கும் உறையினுள் வைத்துவிட்டால், தேடுபவர் கைக்கு அது தானாகவே அகப்படும்.